கல் தண்ணீர் குடிக்கும் சத்தம்

சிர்ர் என்று முதலில், அப்புறம் பொட்டென்று ஒன்று, மறுபடி சிர்ர். கரண்ட் போய் விசிறி நின்றதும்தான் கேட்கிறது, அதுவரை விசிறி அதை மூடி வைத்திருந்திருக்கிறது. பாயில் மகள் எவாவின் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்திருக்கிறேன், எழுந்திருக்கவில்லை, முதலில் அவள் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்க்கிறேன், மூச்சு வருகிறது, சூடாக, பால் வாசனையோடு. ஆனால் சத்தமும் வருகிறது. அப்படியானால் இவள் தொண்டையிலிருந்தா? சாயங்காலம் இவள் வாய்க்குள் விரலை விட்டு ஒரு நுரைக்கல்லைத் தோண்டி எடுத்தேனே, ஒன்றுதான் இருந்ததா, கன்னத்துக்குள் இன்னொன்றை ஒதுக்கி வைத்திருந்தாளா, நுரைக்கல் மிதக்கிற கல்லாயிற்றே, வயிற்றுக்குள் போனால் அங்கேயும் மிதந்துகொண்டே இருக்குமா, படுக்கும்போது மேலே ஏறி வந்து மூச்சுக்குழாய் வாசலில் நின்றுகொள்ளுமா, பைத்தியக்காரி, அப்படியெல்லாம் நடக்காது, நடக்காது என்று யார் சொன்னது. காதை அவள் நெஞ்சில் வைக்கிறேன். டிக் டிக்கென்று குருவி மாதிரி அடிக்கிறது, வேறொன்றும் இல்லை. இவளிடமிருந்து இல்லையென்றால் வாசலிலிருந்து. வாசல் கதவு வெறுமனே சாத்தியிருக்கிறது, தாழ்ப்பாள் போடவில்லை, போடக்கூடாதென்று என் புருஷன் அமலன் போனில் சொல்லியிருக்கிறார். பெங்களூரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் ஏறுறேன், விடியுமுன்ன வந்துருவேன், பெல் அடிச்சா பிள்ளை முழிச்சிரும், கதவைச் சும்மா சாத்தி வை. பிள்ளை முழிச்சிரும். அந்த ரெண்டு சொல்லை மதியத்திலிருந்து வாய்க்குள் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன், எவா கல்லை உருட்டின மாதிரி. பிள்ளையின் தூக்கம் கெடக்கூடாது என்றா, முழித்தால் அழுவாள், அழுகையைக் கேட்க முடியாது என்றா. குரலில் இருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. பின்னால் லாரி ஒன்று ஹாரன் அடித்தது அப்போது.

மாடியில் வெளிச்சம் இல்லை. வீட்டுக்காரி வடிவக்கா மகள் வீட்டு விசேஷத்துக்கென்று இருட்டுவதற்கு முன்பே கிளம்பிப் போய்விட்டாள், மொத்தக் கட்டிடத்திலும் நானும் எவாவும் மட்டும், தாழ்ப்பாள் போடாத ஒரு கதவும். போனின் வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டு சுவரைப் பிடித்தபடி போகிறேன், சத்தம் அடுப்படியிலிருந்து, எலியா, கேஸ் கசிகிறதா, கேஸ் என்றால் வாசனை வருமே, மூக்கை உறிஞ்சிப் பார்க்கிறேன், மழை பெய்த தரை வாசனை. அப்போதுதான் புரிகிறது. நான் வைத்ததுதான். மேடையில் வரிசையாக ஐந்து கண்ணாடி டம்ளர், ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடிக் கல், எவாவைத் தூங்க வைக்கப் போகும்முன் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தேன், அது குடித்துக்கொண்டிருக்கிறது. வெயிலில் காய்ந்த கல்லுக்குள் தண்ணீர் நுழைய நுழைய உள்ளேயிருந்த காற்று வெளியே வருகிறது, முத்து முத்தாக ஏறி மேலே வந்து உடைகிறது. செங்கல் சல்லிதான் சிர்ர் என்கிறது. அகடாமா, அந்த ஜப்பான் களிமண் உருண்டை, பொட்டென்று வெடிக்கிறது. நுரைக்கல் மேலே மிதந்தபடி நமைச்சல் எடுத்தது மாதிரி சின்னச் சின்னதாக என்னவோ செய்கிறது. எரிமலைக்கல் ரெண்டு குமிழி விட்டுவிட்டு அடங்கிவிட்டது. கருங்கல் சில்லு மட்டும் ஊற்றின தண்ணீர் ஊற்றினபடி, ஒரு சத்தமும் இல்லை, அதற்குத் தாகமே கிடையாது. பயம் போகவேண்டியதுதானே இப்போது, போகவில்லை, இடம் மட்டும்தான் மாறியிருக்கிறது, தொண்டையிலிருந்து எங்கேயோ கீழே.

கொல்லையில் போன்சாயாகக் குட்டையாக வளர்க்கிற இச்சியைப் பற்றி அவர் சொன்னது இவ்வளவுதான். இச்சி மரத்தின் மண் செத்துப்போச்சு, இலை மஞ்சளாகுதுன்னா வேர் அழுகுதுன்னு அர்த்தம், கலவை மாத்தணும், அஞ்சு கல்லையும் சலிச்சு ஊறப் போட்டுப் பாரு, எது தண்ணியப் பிடிக்குது எது விடுதுன்னு போட்டோ எடுத்து அனுப்பு, கலவையைத் தயார் பண்ணி வை, நான் வந்து மாத்திக்கிடுதேன். எந்த ஊருக்கான கலவை என்று சொல்லவில்லை. அதைத்தான் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஊருக்கு ஊர் கலவை வேறு என்று சொல்லித் தந்தவரே அவர்தான். இந்தப் பாளையங்கோட்டை வெயிலுக்குச் செங்கல் பாதி இருக்கவேண்டும், சாயங்காலம் வரை ஈரத்தைப் பிடித்து வைக்க, கூட அகடாமா கொஞ்சம், இல்லாவிட்டால் தட்டுமாதிரி இருக்கிற அந்தத் தொட்டியில் மதியத்துக்குள் வேர் வறுபட்டுவிடும். பெங்களூருக்கு அது ஆகாது, அங்கே நினைத்தபோதெல்லாம் தூறும், செங்கலும் அகடாமாவும் ஈரத்தை விடவே விடாது, நுரைக்கல்லும் எரிமலைக்கல்லும்தான் அங்கே, ஊற்றினது ஊற்றினபடி ஓடவேண்டும். எந்த ஊர் என்று அவர் சொல்லவில்லையென்றால் அவருக்கே முடிவு தெரியவில்லை என்றுதானே. மரம் இங்கேயே இருக்கட்டும் என்று ஒரு எண்ணம் இருக்கிறது என்றுதானே. மரம் இருந்தால் அவர் இருப்பார். எவா பிறந்து குப்புற விழுந்த நேரத்தில் பெங்களூரில் பெரிய ஆட்களின் வீட்டு மரங்களைப் பார்த்துக்கொள்ளும் நர்சரி வேலைக்கென்று போனவர், ஆறு மாசம்தான் என்றார், அந்த ஆறு மாசம் போய், அவள் உட்கார்ந்து, தவழ்ந்து, பல் முளைத்து, மறுபடியும் ஆறு மாசம்தான் என்றார். தூத்துக்குடியிலிருந்து அம்மா தினமும் கூப்பிடுகிறாள், இங்க வந்துரு மோளே, ஆம்பளை இல்லாத வீட்ல பச்சப்பிள்ளையோட என்னத்துக்குக் கிடக்க. நான் போனால் மரங்களுக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்கிறேன். அவர் வந்து பூட்டின வீட்டைப் பார்த்தால் என்ன நினைப்பார் என்பதை அம்மாவிடம் சொல்வதில்லை. அதனால் செங்கல் பாதி. ஊறட்டும், நன்றாகக் குடிக்கட்டும், விடிந்ததும் அவர் பார்த்து, என்ன இது இந்த ஊர்க் கலவையா போட்டிருக்க என்று கேட்டால், ஆமா என்பேன். அதற்குமேல் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்காது.

அகடாமாவை மூக்கின் பக்கத்தில் கொண்டுபோகிறேன், தெரிந்தேதான், அந்த வாசனைக்கு வாயில் எச்சில் ஊறுகிறது, இன்னும் ஊறுகிறது பார், பிள்ளை பிறந்து நடக்கப்போகிறது, இன்னும் போகவில்லை. மசக்கையில் மாங்காய் கேட்கவில்லை நான், சாம்பல் கேட்கவில்லை, முதலில் இவர் சலித்துவிட்டுக் கழித்த செங்கல் பொடி, விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன், அப்படியே நாக்கு இழுத்துக்கொண்டது, அப்புறம் சல்லி, பல்லுக்குள் மொறுக்கென்று, அப்புறம் ஒருநாள் அலமாரியின் மேல்தட்டில் ஜப்பான் எழுத்துப் போட்ட ஒரு மூட்டை. பழுப்பு நிறத்தில் உருண்டை உருண்டையாகக் களிமண், மிளகைவிடப் பெரிது, சுண்டைக்காயைவிடச் சின்னது. வாயில் போட்டால் முதலில் கல், அப்புறம் மெதுவாக உடைந்து வழவழவென்று, சொர்க்கம் என்றால் மடத்துப் பள்ளியில் சிஸ்டர் சொன்ன தங்கத் தெருக்கள் இல்லை, இதுதான் என்று தோன்றியது. குற்றம் செய்கிற மாதிரியே இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக மூட்டை இளைத்துக்கொண்டே வந்தது. இவர் ஒருநாள் மூட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, எலி புகுந்திருக்கா என்றார். என் உதட்டோரத்தைப் பார்த்தார். ஏய் ஜெசிந்தா, தின்னியா? நான் தலையை ஆட்டினேன், சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கிற விஷயம்தானே, ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கலாம், ஜப்பான் மண்ணைத் தின்னவள். அவர் முகம் வெளுத்துப்போனது. அது ஜப்பான்ல இருந்து வந்ததுடி, அத வச்சுத்தான் அடுத்த வருசம் மூணு மரத்த மாத்தணும்னு இருந்தேன், உனக்குத் தின்ன வேற மண்ணா கிடைக்கல? அந்த வேற மண்ணு என்பதைத்தான் என்னால் இன்றுவரை செரிக்க முடியவில்லை. மண்ணைச் செரித்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, ரத்தமே இல்லையேம்மா, மண் திங்கிற பழக்கம் உண்டா, அது ரத்தம் இல்லாததால வர்ற ஆசை, பிள்ளைக்கும் சேர்த்துல்ல இல்லாமப் போவுது என்று திட்டினபோது, பக்கத்தில் நின்ற இவர், எங்க வீட்ல மண் ரொம்ப ஒசத்தி டாக்டர் என்றார். நர்ஸ் சிரித்தாள். நானும் சிரித்தேன். இப்போது எவாவும் கல்லைத் தேடித் தேடி வாயில் போடுகிறாள், என்னிடமிருந்து போனதுதான், என் ரத்தம் இல்லாத ரத்தம், நாளைக்கு இவளைக் கூட்டிப்போய் இமையை இழுத்துப் பார்க்கச் சொல்லவேண்டும், அவரையும் கூட்டிக்கொண்டு போகவேண்டும், அவர் மடியில் இவள் உட்கார்ந்திருக்க நான் பக்கத்தில் நிற்கவேண்டும்.

செங்கல் வடிவக்கா தந்தது. பழைய குளியலறையை இடித்துப் போட்டிருந்த குவியலிலிருந்து எடுத்துக்கோ என்றாள். எல்லாச் செங்கலும் ஆகாது, அரைவேக்காடு என்றால் ஒரு மழைக்குச் சேறாகிவிடும், இச்சி மரத்தின் தொட்டியில் இப்போது நடந்திருப்பது அதுதான், ரெண்டைக் கையில் எடுத்து ஒன்றோடொன்று தட்டவேண்டும், வெந்தது டணக்கென்று மணி மாதிரிச் சொல்லும், வேகாதது தொப்பென்று. நான் கொல்லையில் குந்தி உட்கார்ந்து டணக் தொப் டணக் என்று தட்டிக்கொண்டிருக்க, மாடிப்படியில் இறங்கி வந்தவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். ஏட்டி, என்னத்தட்டி பண்ணுத, செங்கலுக்குச் சாதகம் பாக்கியா? அவர் வாராருக்கா, மரத்துக்கு மண் மாத்தணுமாம். அடி இவளே, புருசன் வாரான்னா பொம்பளை மீனு வாங்கிப் புளிய ஊறப் போடுவா, நீ என்னடான்னா செங்கல்ல ஊறப் போடுத. எவா அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள். அவளைத் தூக்கிக் கொஞ்சிக்கொண்டே, உங்கப்பன் வந்தா நேரா யார்ட்டப் போவான்னு நான் சொல்லட்டா, சொல்லட்டா என்று அவள் மூக்கைக் கிள்ளினாள், என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றி, மீன் வாங்கித் தந்துட்டுப் போகட்டுமா, வஞ்சிரம் நல்லா வந்திருக்காம் என்றாள். அப்புறம் சலிப்பு. மூன்று சல்லடை, பெரிய கண், நடுக் கண், சின்னக் கண். பெரியதில் தங்குவதும் கழிவு, கடைசியில் கீழே விழுகிற தூசியும் கழிவு, நடுவில் நிற்பது மட்டும்தான் மரத்துக்கு. தூசி உள்ளே போனால் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் உள்ள இடுக்குகளை அடைத்துவிடும், வேருக்கு மூச்சு முட்டும், தண்ணி கொல்லுறதில்ல ஜெசி, மூச்சில்லாமத்தான் சாவுது என்பார். என்ன அழகாகச் சொல்வார் இதையெல்லாம். ஒரு மரத்துக்கு எங்கே வலிக்கிறது என்று கேட்டால் உடனே விரலை வைத்துக் காட்டுவார்.

ஐந்து டம்ளரிலும் தண்ணீர் ஊற்றி, போட்டோவுக்காக அடுப்படியில் ஸ்டூலின் மேல் வரிசையாக வைத்துப் போனை எடுத்தபோதுதான் அது. எவா தவழ்ந்து வந்தாள், ஸ்டூலின் காலைப் பிடித்தாள், முட்டியை ஊன்றினாள், நான் அய்யோ கல் என்று கத்தப்போனேன், அதற்குள் எழுந்து நின்றுவிட்டாள். நின்றாள். என் மகள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் நடக்கிற வயதில் இவள் நிற்கவே இல்லையே என்று நான் எத்தனை ராத்திரி அவள் காலைப் பிடித்து விட்டிருக்கிறேன், ரத்தம் இல்லாத காலோ என்று, நான் தின்ன மண் எல்லாம் அந்தக் காலில்தான் போய் இறங்கியிருக்கிறதோ என்று. முழங்கால் நடுங்குகிறது, வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுகுகிறது, ஒரு கையைக்கூட விட்டுவிட்டாள், டம்ளர்களுக்கு மேலே அவள் முகம் நிலா எழும்பின மாதிரி, நாலு பல்லும் தெரிய. நான் அமுக்கிவிட்டேன் போட்டோவை. அதற்குப் பிறகுதான் அவள் கையை விட்டுத் தட்டென்று உட்கார்ந்து, தரையில் கிடந்த நுரைக்கல்லை வாயில் போட்டது. அதைத் தோண்டி எடுத்த கையோடு டம்ளர்களை மேடைக்கு மாற்றினேன். ஒரு வரியும் எழுதாமல் அந்தப் போட்டோவை அனுப்பினேன். எழுதினால் கெட்டுவிடும். அவராகப் பார்க்கட்டும். பார்த்ததும் கூப்பிடுவார், பஸ் ஸ்டாண்டிலிருந்து, கூட்டத்துக்கு நடுவில் சத்தமாக, ஏய் நிக்கிறாடி என்று. அந்தக் குரல் எப்படி இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியும், மடத்துச் சுவரிலிருந்து அந்த இச்சியைப் பிடுங்கினபோது போட்டாரே ஒரு சத்தம், அந்தக் குரல்.

நான் அப்போது மடத்துப் பள்ளியில் கடைசி வகுப்பு முடித்துவிட்டு அங்கேயே சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன். கோயில் பக்கத்து மதில் சுவர் வெடிப்பில் காக்கை போட்ட விதையில் முளைத்த இச்சி, சுவரையே ரெண்டாகப் பிளந்துகொண்டிருந்தது. ஆசிட் ஊற்றிவிடலாம் என்றார்கள். இவர் எங்கேயோ கேள்விப்பட்டு வந்து, ஊத்தாதீங்க சிஸ்டர், நான் எடுத்துட்டுப் போறேன், ஒரு செங்கல்கூட விழாது என்றார். காலையிலிருந்து மதியம் வரை ஏணியில் நின்றபடி ஒரு குடைக்கம்பியால் சுண்ணாம்பைச் சுரண்டிச் சுரண்டி ஒவ்வொரு வேராக, குழந்தையின் தலைமுடியிலிருந்து சிக்கெடுப்பது மாதிரி. வகுப்பு ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன், பிள்ளைகள் மூன்றாம் வாய்ப்பாட்டைத் தப்பாகச் சொன்னதுகூடக் காதில் விழவில்லை. இவ்வளவு பொறுமையுள்ள கை ஒரு மனுஷியை எப்படித் தொடும் என்று நினைத்தேன். அந்த நினைப்புக்காக அந்தச் சனிக்கிழமை சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம்கூடச் செய்தேன். முழு வேரோடு வெளியே வந்ததும் ஏணியில் நின்றபடியே ஒரு சத்தம் போட்டார், கன்னியர் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். அந்தப் பொறுமை பொய் இல்லை, இன்றைக்கும் அது உண்மைதான், அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, அவர் கெட்டவர் என்று ஒரே ஒரு நாள் நினைக்க முடிந்தால் போதும், நினைக்க முடியவில்லை. குடிக்கமாட்டார். கை ஓங்கினதில்லை. எவா அழுதால் காதைப் பொத்திக்கொண்டு கொல்லைக்குப் போய் மரங்களுக்கு நடுவில் நிற்பார், அவ்வளவுதான். மரம் என்ன வேணும்னு அதுவே சொல்லும் ஜெசி, இலையப் பாத்தாத் தெரியும், இவளுக்கு என்ன வேணும்னே புரியலையே என்றார் ஒருநாள், பாவமாக, உண்மையாகவே பாவமாக. வலி வந்தால் வீணாக்காதே, ஒப்புக்கொடு என்பார் மடத்தில் சிஸ்டர் கிளமென்ஷியா. பல் வலி, தலைவலி, மாதாந்திர வலி, வீட்டு நினைப்பு, எல்லாவற்றையும் சேசுவின் காயங்களோடு சேர்த்து ஒப்புக்கொடுத்துவிட்டுத் தூங்கவேண்டும். நானும் ஒப்புக்கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறேன். வாங்கிக்கொள்கிற இடம் கருங்கல் மாதிரி இருக்கிறது, ஊற்றினது ஊற்றினபடி. மாதாவே, இப்படி நினைக்கக்கூடாது.

தெருவில் யாரோ நடக்கிற சத்தம். நிற்கிறது. போன் வெளிச்சத்தை அணைத்துவிட்டுச் சுவரோடு ஒட்டி நிற்கிறேன், கதவின் கீழ் இடுக்கைப் பார்க்கிறேன், இப்போது தள்ளினால் திறந்துகொள்ளும், ஒரு விரலால் தள்ளினால் போதும், நான் எவாவைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடவேண்டும், கொல்லைக் கதவுக்கு முன்னால் சல்லடையும் செங்கல் மூட்டையும் கிடக்கிறது, நான்தான் போட்டேன், தடுக்கி விழுவேன், எவாவின் தலை, இல்லை. காறித் துப்புகிற சத்தம். நடை மறுபடி தொடங்கித் தேய்கிறது. யாரோ வீட்டுக்குப் போகிற ஒருவர். எனக்கு முதுகெல்லாம் நனைந்திருக்கிறது. அப்போதுதான் கரண்ட் வந்தது, விசிறி முனகிக்கொண்டு சுற்றத் தொடங்கியது, டம்ளர்களின் சத்தம் அதற்குள் மூழ்கிவிட்டது, அதே நேரத்தில் போன் அதிர்ந்தது. அவர். கூப்பிடவில்லை, செய்தி. பார்த்துவிட்டார். கையைப் பாவாடையில் துடைத்துவிட்டுத் திறக்கிறேன். மூணாவது டம்ளர்ல தூசி நிக்குது பாரு, தண்ணி கலங்கலா இருக்கு, எரிமலைக்கல்ல திரும்பச் சலி. அவ்வளவுதான். மேலே கீழே இழுத்துப் பார்க்கிறேன், போட்டோ அங்கேதான் இருக்கிறது, எவா நிற்கிறாள், நாலு பல்லோடு. போட்டோவை நல்லாப் பாத்தீங்களா என்று அனுப்பினேன். பாத்தேன், பெருசாக்கித்தான் பாத்தேன், நுரைக்கல் இன்னும் மிதக்குது, ராத்திரி முழுக்க ஊறட்டும். பெரிதாக்கினால் படத்தின் மேல்பாதி திரைக்கு வெளியே போய்விடும்தான். அப்படித்தான் நடந்திருக்கும். பஸ்ஸில் குலுங்கும், வெளிச்சம் குறைவு, கண் கூசும். நான் அவருக்காக இன்னும் எதையெல்லாம் தேடலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தது வந்தது. திரும்புறதுக்கு நாளைக் காலை வண்டியிலயே ரெண்டு சீட் போட்டாச்சு.

ரெண்டு. அந்த ஒரு சொல்லில் எனக்குள் என்னென்ன ஓடியது என்று யாரிடமும் சொல்லமுடியாது. எவா மடியில் உட்கார்ந்துகொள்வாள், அவளுக்குச் சீட் வேண்டாம், ரெண்டு என்றால் அவரும் நானும், அதனால்தான் எந்த ஊர்க் கலவை என்று சொல்லவில்லை, நேரில் சொல்ல வைத்திருந்தார், பால்காரருக்குச் சொல்லவேண்டும், வடிவக்காவிடம் சாவி, எவாவுக்குக் குல்லா இல்லையே அந்த ஊர்க் குளிருக்கு, மற்ற மரங்கள், அம்மாவைக் கூப்பிட்டு, அம்மா நான் சொன்னேன்ல. எழுத்து மாறி மாறி விழ, அழித்து அழித்து அடித்தேன். ரெண்டு யாருக்கு? என்று அனுப்பினேன். பதில் வந்தது. எனக்கும் மரத்துக்கும், மடியில வச்சா கிளை ஒடிஞ்சிரும், அதான் அதுக்கு ஜன்னலோரம் போட்டுருக்கேன். பிறகு, கதவு ஞாபகம் இருக்கட்டும்.

நான் அழவில்லை, அழுதால் எவா முழிப்பாள் என்று இல்லை, வரவில்லை. நிலைப்படியில் சாய்ந்து நின்று அவள் தூங்குவதைப் பார்த்தேன். மல்லாந்து, ரெண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிப் போட்டு, உள்ளங்கால்கள் ஒன்றையொன்று தொட்டபடி, இன்றைக்கு நின்ற உள்ளங்கால்கள். ஒரு மரத்தைப் பார்த்துப் பொறாமைப்படுகிற அளவுக்கு வந்துவிட்டாயா ஜெசிந்தா என்று கேட்டுக்கொண்டேன். ஆமாம். ஜன்னலோரம். பிறகு எரிமலைக்கல்லை எடுத்துத் திரும்பச் சலித்தேன். அவருக்காக இல்லை, மரம் என்ன செய்தது. சின்னக் கண் சல்லடையைக் குழாயடியில் பிடித்து, தண்ணீர் தெளிவாக ஓடும்வரை. கொல்லை விளக்கைப் போட்டுவிட்டு இச்சியைத் தொட்டியிலிருந்து தூக்கினேன், அடியில் சேறு அப்படியே கரிய அப்பமாக வந்தது, அழுகல் வாசனை. குடைக்கம்பியால் மெதுவாகச் சிக்கெடுத்தேன். செத்த வேர் தொட்டதும் தோலுரிந்து கையோடு வருகிறது, உயிருள்ளது வெண்ணெய் நிறத்தில் கெட்டியாக நிற்கிறது, அது நிறையவே இருந்தது, பிழைத்துக்கொள்ளும். தொட்டியின் ஓட்டைகளுக்கு வலைத்துண்டு வைத்தேன், மரத்தைக் கட்டுகிற கம்பியை ஓட்டை வழியாக அடியிலிருந்து ஏற்றினேன். ஊறவைத்திருந்த செங்கலைத் தொடவில்லை. அகடாமாவையும் தொடவில்லை. நுரைக்கல் பாதி, எரிமலைக்கல் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக, பஸ்ஸில் ஆடாமல் இருக்கப் பாரத்துக்குக் கருங்கல் கொஞ்சம், அந்த ஊர் மழைக்கான கலவை, ஊற்றினது ஊற்றினபடி ஓடும். கையால் கலக்கும்போது எரிமலைக்கல்லின் முனை விரல் நுனியைக் கீறியது, வேர் பற்றிக்கொள்ள அப்படி ஒரு முனை வேண்டும் என்பார். குச்சியால் குத்திக் குத்தி வேருக்கு அடியில் பொந்து விழாமல் நிரப்பினேன், வேரைக் கம்பியால் தொட்டியோடு கட்டி முறுக்கினேன், ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. அவர் கட்டினாலும் இதைவிட நன்றாக இருக்காது. யாருக்காகவும் இல்லாமல் அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அவ்வளவு அழுகைக்கு நடுவில், ஆமாம், அதற்குள் அழுகை வந்திருந்தது, எப்போது என்று தெரியவில்லை, கையெல்லாம் சேறு, துடைக்கவும் முடியவில்லை.

வாசல் கதவைத் திறந்தேன். தெரு காலியாக இருந்தது. தொட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டுபோய் வெளியே சுவரோரம், ஓட்டு நிழலில், காற்றடித்தாலும் சாயாத இடமாகப் பார்த்து வைத்தேன், ஒரு செம்புத் தண்ணீரைத் தலையிலிருந்து ஊற்றினேன், அடி ஓட்டை வழியாகத் தெளிந்த தண்ணீர் வந்து படியில் இறங்கியது. ஈரச் சாக்கைத் தொட்டியைச் சுற்றிக் கட்டினேன். மரம் வாசல்ல இருக்கு, மண் மாத்தியாச்சு, உங்க ஊருக்கான கலவை, வெளிய இருந்தே எடுத்துக்கலாம் என்று எழுதினேன், அனுப்பினேன். ஒரு நிமிஷத்தில் போன் அடிக்கத் தொடங்கியது, போட்டோ அனுப்பினதிலிருந்து முதல் தடவையாக அவராகக் கூப்பிடுகிறார், மணிச் சத்தத்தில் எவா முழித்து வீறிட்டாள். போய்த் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன், சேறு அவள் சட்டையெல்லாம். அழு என்றேன், நல்லா அழு. போன் அடித்துக்கொண்டே இருந்தது. கதவைச் சாத்தினேன். பழைய தாழ்ப்பாள், துரு, பாதி வழியில் நின்றுவிட்டது, தோளைக் கொடுத்துக் கதவை நெருக்கி, உள்ளங்கையின் அடியால் ஒரு குத்து விட்டேன், போய் விழுந்தது.